வரி கட்டிய பணம்

மெக்கானிக் ஓரின் பேஸ்மென்ட் படியில் பாதிதான் இறங்கியிருப்பார். அவர் இடுப்பில் தொங்கிய சின்ன மீட்டர் கத்த ஆரம்பித்தது.

நின்றார். மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"வெளிய நட. கோட்டெல்லாம் அப்புறம். நட."

வீட்டுக்குச் சூடு தரும் ஃபர்னஸ் இரண்டு நாளாக நின்று நின்று ஓடியது. அதைப் பார்க்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை. அமெரிக்காவின் வடகோடி, டுலூத்தில் ஜனவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு. மூக்கு மயிர் உறைந்து குத்தியது. நான் சட்டையோடு வாசலில் நின்றேன். உள்ளே அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடம் கழித்து வந்தார். என் கோட்டைக் கொண்டுவந்திருந்தார்.

"உள்தகடு வெடிச்சிருக்கு தம்பி. என் விரல் நீளத்துக்கு. புகை சிம்னிக்குப் போகாம வீட்டுக்குள்ளயே சுத்துது. அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடு விஷத்துக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலை வலிச்சுதா உனக்கு?"

"வலிச்சுது."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரம். பத்து நாள் இருக்கும்."

"உனக்கு மட்டுமா?"

நான் கோட்டின் பொத்தானைப் போட்டேன்.

நான்கு நாளாகக் காலையில் என் பெண் லினியா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறாள். ஆறு வயது. "தலை வலிக்குது" என்கிறாள். ஆகஸ்டில் ஒரு காலை அவள் அம்மாவும் இதே மேசையில் இதையே சொன்னாள். இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பல் மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், மதியத்துக்குள், விழுந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்த நாளம் வெடித்திருந்தது. இறந்தபோது என் மனைவி ப்ரிட்டாவுக்கு முப்பத்து மூன்று வயது.

அதனால் லினியா சொன்னபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது.

"விஷவாயு வந்தா கத்தற அலாரம் இல்லையா வீட்ல?" என்றார் ஓரின்.

"இருக்கு. பேட்டரி இல்ல."

நவம்பரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் ஞாயிற்றுக்கிழமை, அலாரங்களுக்கும் பேட்டரி மாற்ற வேண்டும். ஊரில் எல்லாரும் அன்றுதான் மாற்றுவார்கள். எங்கள் வீட்டில் ப்ரிட்டா நாற்காலி போட்டு ஏறுவாள். இந்த நவம்பரில் கடிகாரத்தையே நான் தொடவில்லை. பேட்டரி தீர்ந்த அலாரம் நிமிடத்துக்கு ஒரு முறை கீச்சிட்டது. மூன்றாம் நாள் பேட்டரியைப் பிடுங்கி, அலாரத்தைச் சமையலறை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஓரின் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஃபர்னஸில் ஓட்டக்கூடாது என்று ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டு வந்து, "முதல்ல போய்ப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. நான் இங்க பார்த்துக்கறேன்" என்றார். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. 

*

பள்ளியில் குளிருக்காகப் பிள்ளைகளை உள்ளரங்கில் விளையாட விட்டிருந்தார்கள். லினியா ஓடிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, நன்றாக இருந்தாள். காரில் ஏற்றிப் பட்டை மாட்டும்போது கேட்டேன்.

"தலை வலிக்குதா?"

"இல்ல. ஸ்கூல்ல வலிக்காது. வீட்லதான் வலிக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே அப்பா. நீ பால் ஊத்தினே."

மலைச்சாலையில் இறங்கும்போது கீழே ஏரி முழுக்க ஆவி பறந்தது. நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

மருத்துவமனையில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். லினியா, "நான் பைலட். நீ பயணி. பயணி பேசக்கூடாது" என்றாள். டாக்டர் இளம்பெண். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பாப்பா ரத்தத்துல விஷம் கொஞ்சம்தான் இருக்கு. காலைல இருந்து வெளிய இருந்ததால இறங்கிடுச்சு. உங்களுக்கு அதைவிட அதிகம். இன்னும் ரெண்டு நாள், சனி ஞாயிறு ரெண்டு பேரும் வீட்லயே இருந்திருந்தா…"

காகிதத்தை மடித்தாள்.

"அவ அம்மாவுக்கு மூளையில நாளம் வெடிச்சுது" என்றேன். "அதே மாதிரி தலைவலி."

"இது அது இல்ல. இது புகை."

"நிச்சயமா?"

"இன்னைக்கு இது புகைதான்" என்றாள். "இன்னைக்கு" என்ற சொல் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

போன் அடித்தது. ஓரின்.

"புதுசு ஒன்பதாயிரத்து இருநூறு டாலர் ஆகும் தம்பி, சிம்னிக்குழாயும் சேர்த்து. பாதி முன்பணம். மூணு மணிக்குள்ள கட்டிட்டா நாளைக்குக் காலைல மாட்டிடறேன். இல்லன்னா செவ்வாய்க்கிழமைதான் ஆள் கிடைப்பான். ரெண்டு மின்சார ஹீட்டர் வச்சிருக்கேன். இந்தக் குளிருக்கு ஒரு ராத்திரி தாங்கும். நாலு ராத்திரி தாங்காது. குழாயெல்லாம் வெடிச்சிடும்."

"தவணைல கட்டலாமா?"

"கேட்டுப் பார்க்கறேன். உன் பிறந்த தேதி சொல்லு."

கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

கடன் கம்பெனி மறுத்ததில் தப்பில்லை. வீட்டில் பில் கட்டுவது ப்ரிட்டாவின் வேலை. அவள் போன பிறகு வந்த உறைகளில் ஒன்றைத் தவிர எதையும் நான் பிரிக்கவில்லை. மூன்று மாதம் கார்டுகளுக்குப் பணம் போகவில்லை. சேமிப்பில் இருந்ததை ஆஸ்பத்திரியும் இறுதிச் சடங்கும் தின்றுவிட்டன. ஐந்து மாதமாக ஒற்றைச் சம்பளம்.

மிச்சம் ஒன்றுதான். ப்ரிட்டாவின் ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு. நாற்பதாயிரம் டாலர் சொச்சம். அதைத் தொட முடியாதபடி செய்தவனும் நான்தான்.

அக்டோபரில் ஒரு படிவம் வந்தது. இரண்டு கட்டம். ஒன்று, கணக்கை என் பெயருக்கே மாற்றிக்கொள்வது. இன்னொன்று, அவள் பெயரிலேயே வைத்துக்கொள்வது. அப்படி வைத்தால் பெயர் எப்படி வரும் என்று கீழே அச்சடித்திருந்தார்கள்: "ப்ரிட்டா ஹௌகெ, காலமானவர், எவரெட் ஹௌகெயின் நலனுக்காக." மாதாமாதம் அந்த எழுத்தோடு ஒரு கடிதம் என் பெட்டிக்கு வரும். படிவத்தில் வேறு எதையும் நான் படிக்கவில்லை. முதல் கட்டத்தில் டிக் அடித்து அனுப்பிவிட்டேன்.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டில் இதைப் ப்ரிட்டாவின் தங்கை மாரிட்டிடம் சொன்னேன். அவளுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் தொழில். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவ பேர்ல வச்சிருந்தா எப்ப வேணா அபராதம் இல்லாம எடுத்திருக்கலாம். உன் பேருக்கு மாத்திட்டா உனக்கு ஐம்பத்தொன்பதரை வயசாகணும். அதுக்கு முன்னாடி தொட்டா வரி, மேல பத்து சதவீதம் அபராதம். ஒரு போன் பண்ணக் கூடாதா எங்கிட்ட? காலேஜ் படிச்ச கழுதை."

நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ப்ரிட்டா எங்களுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். நான் ஒரு டிக்கில் கெடுத்தேன் என்று இரண்டு மாதமாக என் காதில் ஓடியது.

போன் மறுபடி அதிர்ந்தது. நான் வேலை செய்யும் ஆலையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஜாய்ஸ். "எவரெட், ஓய்வுக்கால திட்டப் படிவம். இன்னைக்கு நாலு மணிதான் கெடு. நூத்திப்பத்து பேர்ல நீ ஒருத்தன்தான் பாக்கி. ராத்தா, பழைய முறையா? நீ சொல்லலன்னா நான் காசு சுண்டிப் போட்டுடுவேன்."

மூன்று வாரமாக அந்தப் படிவத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். ராத் என்றால் இப்போதே வரி கட்டிவிட்டுச் சேமிப்பது. பிறகு எடுக்கும்போது வரி இல்லை. பழைய முறை என்றால் இப்போது வரி இல்லை. வயதானபின் எடுக்கும்போது கட்ட வேண்டும். கேள்வி அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு வரியை அவர்களே நிரப்பி அனுப்பியிருந்தார்கள். நான் ஓய்வு பெறும் ஆண்டு: 2056.

அந்த எண்ணைப் பார்த்ததும் படிவத்தை மூடிவிடுவேன்.

*

வீட்டுக்குப் போய் உறைகளை அள்ளிக்கொண்டேன். அவை இருந்தது ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில். சாவுக்குப் பிறகு தேவாலயத்துக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்துக் கொண்டுவந்த பாத்திரங்கள் பதினொன்று. கழுவித் திருப்பித் தர வேண்டும். தரவில்லை. ஒன்றில் தபாலைப் போட்டு வந்தேன்.

மாரிட்டின் கடை இரும்புச் சாமான் கடைக்குப் பக்கத்தில். ஜனவரி என்பதால் கூட்டமில்லை. யாருக்கும் இன்னும் சம்பளச் சான்று வந்திருக்காது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

"ஃபர்னஸ் தகட்டுல விரிசல். ஒரு வாரமா புகை உள்ள வந்திருக்கு. லினியா…"

அவள் அதற்குள் எழுந்து வந்து குழந்தையைத் தூக்கிவிட்டாள். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரத்தம் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. சரியாயிடுச்சு."

"நான் பைலட்டா இருந்தேன் சித்தி" என்றாள் லினியா.

"அலாரம் அடிக்கலையா?" என்று மாரிட் என்னைக் கேட்டாள்.

"பேட்டரியைப் பிடுங்கிட்டேன்."

லினியாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "அவ இருந்திருந்தா உன்னைக் கொன்னிருப்பா."

"தெரியும்."

லினியாவைக் கணக்கு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தாள். சுருள் காகிதம் வெளியே வரும் பழைய இயந்திரம். குழந்தை எண்களைக் குத்த ஆரம்பித்தது. பிறகு மாரிட் நான் மேசையில் வைத்த பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். அடியில் ஒட்டுநாடா. அதில் அவள் கையெழுத்தில் "மாரிட்."

"இது என் பாத்திரம்டா!"

"அப்படியா. பார்க்கல."

"ஆகஸ்ட்ல இருந்து தேடறேன். உள்ள என்ன, குப்பையா?"

"தபால்."

"ஒண்ணைக்கூடப் பிரிக்கல?"

"இல்ல."

வெண்ணெய்க் கத்தியை எடுத்து உறைகளைக் கிழிக்கத் தொடங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு இருபது. மூன்று மணிக்குள் ஓரினுக்குப் பணம்.

"ப்ரிட்டா கணக்குல இருந்து எடுத்துக் குடு" என்றேன். "எவ்வளவு அபராதம் போனாலும் சரி. வீடு உறைஞ்சு போச்சுன்னா இவளை எங்க வச்சுக்குவேன்?"

"ஒன்பதாயிரம் எடுத்தா கையில ஆறரைதான் நிக்கும். வரி, அபராதம், மாநில வரி. மீதிக்கு இன்னும் எடுக்கணும். அதுக்கும் அபராதம். அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னே."

"அப்ப எழுந்து போயிட்டே. அவ பல் ஆஸ்பத்திரில ஒவ்வொரு வாய்லயும் கை விட்டுச் சம்பாதிச்ச காசு, எவரெட்."

"தெரியும் மாரிட்."

என் குரல் எப்படி இருந்ததோ, அவள் நிறுத்திக்கொண்டாள். உறைகள் கிழிந்தன. வங்கி, கார்டு, காப்பீடு. ஒரு கனமான உறையைப் பிரித்தவள் முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கம். மறுபடி முதல் பக்கம். அவள் முகம் மாறியது. 

"என்ன?"

"இது ராத்."

"இல்ல. பழைய முறை. நானும் அவளும் பேசி முடிவு பண்ணினோம்."

"நீ பேசினே. அவ முடிவு பண்ணிட்டா." காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். கணக்கின் தலைப்பிலேயே இருந்தது. அக்டோபர் படிவத்திலும் இருந்திருக்கும்.

கல்யாணமான பிறகு, வரிக்கணக்குக் கொடுக்க வேண்டிய முதல் ஏப்ரல். பீட்ஸா அட்டையின் பின்பக்கத்தில் அவளுக்கு வரைபடம் போட்டுக் காட்டினேன். இப்போது வரியை மிச்சம் பிடி, கிழவியான பிறகு கட்டு, இதுதான் லாபம் என்றேன். அவள் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இப்ப என் சம்பளம் சின்னது. வரியும் சின்னது. இப்பவே கட்டித் தொலைச்சிட்டா அப்புறம் யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க."

"நாப்பது வருஷம் கழிச்சுக் கட்ட வேண்டியதை இன்னைக்கே கட்டற ஒரே ஆள் நீதான்" என்று சிரித்தேன்.

"சரி சரி. உன் படம் அழகா இருக்கு" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வரிப் படிவத்தை வருடாவருடம் அவள்தான் நிரப்பினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஒரு வருடம்கூடப் படிக்கவில்லை.

"நல்லாக் கேளு" என்றாள் மாரிட். "ராத்ல அவ போட்டது எல்லாம் வரி கட்டின பணம். எடுக்கும்போது போட்ட பணம்தான் முதல்ல வெளிய வரும். அதுக்கு வரி இல்ல. அபராதமும் இல்ல. வயசும் கேக்க மாட்டாங்க. அதுக்கு மேல வளர்ந்திருக்கே, அதைத் தொட்டாத்தான் வம்பு."

"நான்தான் என் பேருக்கு மாத்திட்டேனே."

"மாத்தினா என்ன? அவ போட்டது போட்டதுதான். அது உன்கூட வரும்."

"எவ்வளவு போட்டிருக்கா?"

ஆண்டு வாரியாக அச்சாகியிருந்தது. லினியாவிடமிருந்து இயந்திரத்தை வாங்கிக் கூட்டினாள். எட்டு ஏப்ரல்கள். லினியா பிறந்த வருடம்கூட விடவில்லை. அந்த வருடம் அறுநூறு டாலர்.

"இருபத்தாறாயிரத்து நானூறு" என்றாள். கண்ணைத் தொப்பியால் துடைத்துக்கொண்டாள். "பழைய முறையா இருந்திருந்தா, வரிக்கும் நீ போட்ட அந்த டிக்குக்கும் சேர்த்து இன்னைக்கு மூவாயிரம் அழுதிருக்கணும். அவ முன்னாடியே கட்டிட்டாடா."

எனக்கு நிம்மதியாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது. அவளை நான் சரியாகக் கவனிக்கவே இல்லை என்பது புதுப் பயமாகச் சேர்ந்துகொண்டது.

கணக்கிலிருந்து பணம் வரச் செவ்வாய் ஆகும். மாரிட் ஓரினைக் கூப்பிட்டாள். "ஓரின், என் கார்டு நம்பரை எழுதிக்கோங்க. பாதி இப்ப, மீதி செவ்வாய். நாளைக்கு எட்டு மணிக்கு அங்க இருக்கணும், எட்டரைக்கு இல்ல. ஆமா, இன்னைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்ல." போனை வைத்தாள். "செவ்வாய்க்கிழமை பணம் திருப்பிக் குடுத்திடணும். பாத்திரத்தையும்."

*

மூன்றரைக்கு ஜாய்ஸ் ஒரு காசின் படத்தை அனுப்பினாள். வேறொன்றும் எழுதவில்லை.

படிவத்தை மாரிட்டிடம் காட்டினேன்.

"இதையும் ராத்தாப் போட்டா அவசரத்துக்கு எடுத்துக்கலாமா?"

"முடியாது. ப்ரிட்டாவோடது அவளே வெளிய தொடங்கினது. இது ஆபீஸ் பணம். நீ அங்க வேலைல இருக்கற வரைக்கும் பூட்டின பெட்டி மாதிரி. உள்ள போனா நீ கிழவனாகணும்."

"ஆவேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். "வாரிசுங்கற இடத்துல என்ன இருக்கு?"

பார்த்தேன். ப்ரிட்டா ஹௌகெ. அழித்துவிட்டு லினியாவின் பெயரை எழுதினேன். அவள் மைனர், பொறுப்பாளர் பெயர் வேண்டும் என்றது படிவம். மாரிட்டைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். எழுதினேன். 

"ராத்தா, பழைய முறையா?"

"இப்ப உன் வரி எவ்வளவுன்னு பாரு. போன வருஷத்துக்கு நீயும் அவளும் சேர்ந்துதான் கணக்குக் காட்டறீங்க. செத்த வருஷத்துக்கு அப்படித்தான்."

"அப்புறம்?"

"குழந்தை இருக்கறதால இன்னும் ரெண்டு வருஷம், மறுகல்யாணம் பண்ணிக்காத வரைக்கும், அதே விகிதம்தான். அரசாங்கக் கணக்குல நீ இன்னும் ரெண்டு வருஷம் பொண்டாட்டி இருக்கறவன் மாதிரி. பன்னெண்டு சதவீதம். மூணாவது வருஷம் போய்டும். உன் சம்பளத்தோட மேல்பகுதிக்கு இருபத்திரண்டு சதவீதம்."

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷம். அதுவரைக்கும் இப்பவே கட்டறதுதான் மலிவு. அவ சொன்ன அதே கணக்கு."

ராத் என்ற கட்டத்தைத் தொட்டேன். 2056 அங்கேயே இருந்தது. அனுப்பினேன். மூன்று ஐம்பத்தொன்று. "ஐயோ, காசு தலை விழுந்திருந்துச்சு" என்று ஜாய்ஸ் எழுதினாள்.

 

பக்கத்துக் கடையில் இரண்டு அலாரம் வாங்கினேன். காரில் வைத்து ஒன்றின் பொத்தானை அழுத்தினேன். லினியா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். மறுபடி அழுத்தச் சொன்னாள்.

"தலை வலிக்குதா?"

"இல்ல."

மாரிட்டின் கார் எங்களுக்கு முன்னால் மலையேறியது. இரண்டாவது சிவப்பு விளக்கில் நின்றோம்.

"லினியா, தலை?"

"இல்லப்பா. இப்பத்தானே கேட்டே."

"சரி."

விளக்கு பச்சையானது. அடுத்த திருப்பம் வரைக்கும்தான் என்னால் பொறுக்க முடிந்தது.